தீயில் போனவருக்கு ஒரு மெழுகுதிரி

இங்கே டென்மார்க்கில் பட்டப்பகலில் மெழுகுதிரி ஏற்றுகிறார்கள். கரண்ட் போனதால் அல்ல. இங்கே கரண்ட் போய் நான் இதுவரை பார்த்ததில்லை. காலைச் சாப்பாட்டு மேசையில், பல் மருத்துவரின் வரவேற்பறையில், நான் வேலை பார்க்கும் அட்டைப்பெட்டி அச்சகத்தின் கூட்ட அறையில், எங்கும் ஒரு திரி எரிகிறது. ஏனென்று கேட்டால் 'ஹூகெ' என்கிறார்கள். மனசுக்கு இதமாக இருப்பதாம். வந்த புதிதில் மேலாளர் திரியைக் கொளுத்தினால் நான் நாற்காலியைக் கதவோரம் இழுத்துப் போட்டுக்கொள்வேன். ஒருநாள் அவர் என்னைத் தனியே அழைத்து, ஏதாவது தொந்தரவா என்று அக்கறையாகக் கேட்டார். "சிவகாசி" என்றேன். அதை ஒரு முதுகு நோய் என்று எடுத்துக்கொண்டார் போல. மறுநாள் சாய்மானம் நன்றாக உள்ள வேறு நாற்காலி வந்தது.

சாத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவில் எங்கள் ஊர். எங்கள் தெருவில் அநேகமாக எல்லோருமே பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவர்கள். தீப்பொறிக்குப் பயந்து செருப்பு, செல்போன் எல்லாவற்றையும் கேட்டிலேயே விட்டுவிட வேண்டும். அறைக்குச் சில பேர்தான். ஓடுவதற்கு வாகாகக் கதவுகள். வாசலில் மணல் வாளியும் தண்ணீரும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். என்னைப் படிக்கவைத்தது அக்காவும், அவள் புருஷன் சவரிமுத்து அத்தானும் அங்கே பார்த்த வேலை. போன கோடையில் மருந்து கலக்கும் அறையில் தீப்பிடித்தது. அத்தான் உள்ளே இருந்தார். பெட்டியைத் திறக்காமலே அடக்கம் செய்தார்கள். நான் அதைச் செல்போனில் பார்த்தேன். நடுவில் சிக்னல் போய்த் திரும்பி வந்தபோது மண் மூடியிருந்தது.

அதன்பிறகு அக்கா கோயிலுக்குப் போகவில்லை. நவம்பரில் கல்லறைத் திருநாள் நெருங்கியது. அன்று மாலை எல்லோரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போய், அவரவர் வீட்டு ஆட்களுக்கு மெழுகுதிரி ஏற்றி ஜெபிப்பார்கள். அம்மா எனக்குப் போன் போட்டாள்.

"திரி வைக்க மாட்டேங்காலே. முதல் வருசம் கல்லறை இருட்டாக் கெடந்தா ஊரு பேசாதா? நீ படிச்சவன், நாலு வார்த்தை சொல்லு."

எனக்கு உயிர்த்தெழுதலில் நம்பிக்கை உண்டு. அதைப் பற்றிச் சில வசனங்களைத் தயார் செய்துகொண்டு அக்காவை அழைத்தேன். இரண்டாவது வாக்கியத்திலேயே என் குரல் எனக்கே விளம்பரம் மாதிரி கேட்டது.

"ஏலே, சாமியார் கணக்கா பேசாத. சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்க்கா. அம்மா சொன்னா..."

"தீயில போன மனுசனுக்குத் தீயவே கொண்டு வைக்கச் சொல்றீக. உங்களுக்கெல்லாம் கூறு இருக்கா?"

ஜெபிக்கிறேன் என்றேன். "பண்ணு" என்று வைத்துவிட்டாள்.

இந்த ஊரில் இருப்பது லூத்தரன் கோயில். நான் கத்தோலிக்கன். கத்தோலிக்கக் கோயில் நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் இருதரப்பும் இதைப் பெரிதுபடுத்துவதில்லை. இங்கும் நவம்பரில் இறந்தோரை நினைக்கும் ஞாயிறு உண்டு. இந்த முறை எங்கள் கல்லறைத் திருநாளும் அதே ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. இறந்தவர்களின் பெயர்களை வாசிப்பார்கள் என்பதால் அத்தானின் பெயரையும் கொடுத்திருந்தேன். மெட்டே என்ற பெண் போதகர் அதை மெதுவாக, கண்ணாடிச் சாமானைத் தூக்குவதுபோல் வாசித்தார். பிறகு ஒருவர் திரியிலிருந்து அடுத்தவர் திரிக்குச் சுடரைக் கடத்தினார்கள். என் முறை வந்தது. ஒரு கையில் தீ, மறு கையில் பாட்டுத் தாள், பக்கத்தில் ஒரு அம்மாளின் கம்பளிச் சால்வை. பட்டாசு ஊர்க்காரன் உடம்பு யாரையும் கேட்காது. ஊதி அணைத்துவிட்டேன்.

சால்வை அம்மாள் என்னைப் பார்த்தார். இந்தியாவில் இப்படித்தான் வழக்கம் போலும் என்று மரியாதையோடு தன் திரியையும் ஊதினார். அவருக்கு அடுத்தவரும் ஊதினார். டென்மார்க்காரர்கள் விருந்தாளியைச் சங்கடப்படுத்த மாட்டார்கள். எங்கள் வரிசை முழுக்க இருட்டானது.

வீட்டுக்கு வந்ததும் அக்காவை அழைத்தேன். ஊரில் சாயங்காலம் ஆகிக்கொண்டிருந்தது. வசனம் எதையும் எடுக்கவில்லை. நடந்ததை அப்படியே சொன்னேன்.

"வரிசையே ஊதிருச்சா?" அக்கா சிரித்தாள். கோடைக்குப் பிறகு அந்தச் சிரிப்பை இப்போதுதான் கேட்கிறேன். "தாளும் தீயுமா வச்சா பின்ன? நீ செஞ்சதுதான்லே சரி." சிரிப்பு அடங்கியதும், "அப்புறம் யாரு பத்தவச்சா?"

"முன்வரிசைல ஒரு பஸ் டிரைவர். திரும்பிப் பாத்தாரு. ஒண்ணும் கேக்கல. ஒவ்வொருத்தருக்கா பத்தவச்சாரு."

"உனக்கும்?"

"எனக்கும்."

"திரும்ப ஊதலையா?"

"இல்லக்கா. தாளக் கீழ வச்சிட்டுப் பிடிச்சேன்."

பிறகு வேறு குரலில் கேட்டாள்: "ஆஸ்பத்திரில பாத்தப்ப அவரு மூஞ்சி அடையாளமே தெரியல. கடைசி நாள்ல எந்திரிச்சு வரும்போது தெரியும்லலே?"

"தெரியும்க்கா" என்றேன். இத்தனை நாள் நான் நம்பியது எவ்வளவு என்று அந்த ஒரு வார்த்தையைச் சொன்னபோதுதான் எனக்கே தெரிந்தது.

சற்று நேரத்தில் அம்மா வீடியோவில் வந்தாள். அம்மாவின் முகம், பிறகு வானம், பிறகு கல்லறைத் தோட்டம். ஒவ்வொரு கல்லறையிலும் திரிகள். அக்கா அத்தானின் கல்லறையைச் சுற்றியிருந்த காய்ந்த புல்லைப் பிடுங்கித் தூரப் போட்டாள். செருப்பைக் கழற்றித் தள்ளி வைத்தாள். போனை அம்மாவிடம் கொடுத்து எட்டி நிற்கச் சொல்லிவிட்டாளாம். பக்கத்தில் ஒரு வாளி மணல், ஒரு குடம் தண்ணீர்.

"கம்பெனி வாசல் மாதிரி வச்சிருக்கா பாருலே. சுத்திச் சனம் சிரிக்குது" என்றாள் அம்மா. நான் சிரிக்கவில்லை. அக்கா குச்சியை உரசினாள். முதல் குச்சி அணைந்தது. இரண்டாவது பிடித்தது.

"ஏலே, தெரியுதா?" என்று அங்கிருந்தே கத்தினாள்.

"சரியாத் தெரியலக்கா. இங்க மதியம். ஜன்னல் வெளிச்சம் போன்ல அடிக்குது."

"இங்கன இருட்டிருச்சு. நல்லாத் தெரியுது."

நவம்பரில் இந்த ஊரில் வெயில் எட்டிப் பார்ப்பதே அபூர்வம். அது வந்தால் எல்லோரும் ஜன்னலோரம் வந்துவிடுவார்கள். எதிர்வீட்டுக்காரர் காப்பிக் கோப்பையோடு முகத்தை வெயிலுக்குக் காட்டி நின்றிருந்தார். என்னைப் பார்த்துக் கையசைத்தார். நானும் கையசைத்துவிட்டுத் திரைச்சீலையை இழுத்து மூடினேன். அறைக்குள் சாத்தூர்ப் பக்கத்துச் சாயங்காலம் அரைகுறையாக வந்தது. சுடர் தெரிந்தது.