மச்சினன் விற்ற சாவு

என் மனைவியின் தம்பியை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை. கடைசியில் இருவரும் கட்டிப்பிடித்து அழுவோம் என்று யாரும் காத்திருக்க வேண்டாம் என்பதற்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பட்டாளத்தில் என் வேலை தையல். எல்லாருக்கும் கொடுத்த துப்பாக்கிப் பயிற்சி எனக்கும் உண்டு. ஆனால் பணிக்காலத்தில் பெரும்பகுதி நான் உட்கார்ந்திருந்தது மெஷினுக்கு முன்னால்தான். கூடாரம் கிழிந்தால், கிட் பேக் வாய் பிய்ந்தால், லாரித் தார்ப்பாய் காற்றில் கிழிந்தால் என்னிடம் வரும். கடைசியாக இருந்த முகாமில் அதிகாரிகளுக்கென்று ஒரு கோல்ஃப் மைதானம் இருந்தது. ஒருநாள் எங்கள் கர்னல், அடி பிய்ந்துபோன தன் கோல்ஃப் பையைக் கொண்டுவந்து என் மேசையில் போட்டார். வெளிநாட்டுப் பை. அதற்கேற்ற துணி என்னிடம் இல்லை. கழித்துப்போட்ட கிட் பேக்கின் பச்சைக் கான்வாஸை வெட்டி அடி போட்டேன். தோள்வாருக்குப் பழைய இடுப்புப் பட்டை. பந்து வைப்பதற்குத் தோட்டாப் பை மாதிரி மூடியுள்ள ஒரு சின்னப் பை. அவர் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போன பிறகு, எனக்கும் அதுபோல வேண்டும் என்று ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள்.

ஓய்வு பெற்று ஊருக்கு வந்ததும் எல்லாரும் சொன்னது, ஏதாவது வங்கி வாசலில் காவலுக்கு நில் என்பதுதான். எனக்கு நிற்கப் பிடிக்கவில்லை. குழித்துறைச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு மாடியை வாடகைக்கு எடுத்து, கனத்த துணி தைக்கிற மெஷின்களை வாங்கிப் போட்டு, கோல்ஃப் பை தைக்க ஆரம்பித்தேன். சுசீந்திரத்தில் என் வீட்டுப் பக்கம் இதைக் கேட்டுச் சிரிக்காத ஆள் இல்லை.

“நம்ம மாவட்டத்துல கோல்ஃப் ஆடுகதுக்கு எடமே கெடையாதே வேய். ஆருக்குத் தைக்கீரு?” என்று பஸ் ஸ்டாப்பில் வைத்தே கேட்டார்கள்.

வாங்குகிறவர்கள் வேறு ஊர்களில் இருந்தார்கள். ஓய்வு பெற்ற அதிகாரிகள், அவர்களின் நண்பர்கள். பையில் இருந்த பட்டாளச் சாயல் அவர்களுக்கு வேண்டியிருந்தது.

என்னோடு தைக்க வந்தவர்களில் ஒருத்தி மைனி. ரத்த சொந்தம் இல்லை. அவள் கணவர் எங்கள் யூனிட்டில் லாரி ஓட்டியவர். பேச்சிப்பாறைப் பக்கத்துக்காரர். என்னைவிட மூத்தவர் என்பதால் அண்ணன் என்று கூப்பிடுவேன்; அண்ணன் மனைவி எங்கள் ஊரில் மைனி. பல மைல்களுக்குத் தமிழ் கேட்காத இடத்தில், எங்கள் ஊர் இழுவையோடு பேச எனக்குக் கிடைத்த ஒரே ஆள். ஒரு மலைப்பாதையில் பாறை சரிந்து லாரி பள்ளத்தில் விழுந்தபோது, நான் அவருக்குப் பக்கத்து இருக்கையில் இருந்தேன். எனக்குக் கால் முறிந்தது. அவருக்கு நெஞ்சு நசுங்கியிருந்தது. ஆள் வந்து தூக்கும்வரை அவர் தலை என் மடியில்தான் இருந்தது. “கண்ணாடியத் தொடச்சு விடுலே, ரோடு தெரியல்ல” என்றார். லாரியின் முன்கண்ணாடி உடைந்து எப்போதோ போய்விட்டது. நான் வெறும் காற்றைக் கையால் துடைத்தேன். “ஆங், இப்பம் தெரியுது” என்றார். அதற்குப் பிறகு பேசவில்லை.

காலில் கட்டோடு அடக்கத்துக்கு வந்தபோது மைனியிடம் இதைச் சொன்னேன். அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள். பல வருஷம் கழித்து நான் கடை போட்டேன் என்று தெரிந்ததும் அவளாகவே மலையிலிருந்து பஸ் ஏறி வந்து, “எனக்கும் ஒரு மெஷின் தா தம்பி” என்றாள். தோள்வார் எல்லாம் அவள் தைப்பதுதான்.

என் மச்சினன் வளைகுடாவில் ஒரு அலுவலகத்தில் இருந்துவிட்டுத் திரும்பியவன். நல்ல ஆங்கிலம். முகத்துக்கு நேராகச் சிரிக்கிற வழக்கம். “அத்தான், நீங்க தச்சாப் போதும். விக்கது எனக்க வேல” என்று வந்து சேர்ந்தான். பொய் சொல்லக் கூடாது, நன்றாகவே விற்றான். பைகளை வயல்வரப்பில் நிறுத்திப் படம் எடுத்தான், இணையத்தில் பக்கம் போட்டான், ஊர் ஊராகப் பேசினான். ஒரு மழைநாள் மத்தியானம், மைனி வராத அன்றைக்கு, அண்ணனைப் பற்றிக் கேட்டான். சொன்னேன். மடியையும் கண்ணாடியையும் சொன்னேன். அவன் கண் கலங்கியது.

“அத்தான், இத நெட்டுல போட்டா ஒவ்வொரு பேக்கும் பறந்து போவும்.”

“இது ஒனக்குச் சொன்னது. விக்கதுக்கு இல்ல.”

“சே, எனக்குத் தெரியாதா?” என்றான்.

கொஞ்ச காலத்தில், தனியாகத் தொழில் செய்யப்போவதாகச் சொல்லிப் போனான். நானும் நல்லாயிரு என்றுதான் அனுப்பினேன். பிறகு அவன் விற்க ஆரம்பித்தது எங்கள் பையையே. அதே பச்சை, அதே தோட்டாப் பை, எங்கோ வெளியூர் ஆலையில் தைத்தது. அதைக்கூடப் பொறுத்திருப்பேன். ஒரு பாக்கெட்டுக்கு யாரும் பட்டா எழுதி வாங்க முடியாது.

அப்புறம்தான் கர்னலின் போன் வந்தது. அவரும் ஓய்வு பெற்றுவிட்டிருந்தார். “ஒரு குழப்பம். உன் ஊரில் இன்னொருவன் பை விற்கிறான். வீடியோவில், தானும் சிப்பாய், லாரி கவிழ்ந்து நண்பன் தன் மடியில் செத்தான் என்கிறான். அந்த லாரியில் உன்னைத் தவிர வேறு யார் இருந்தது?” என்று கேட்டார்.

வேறு யாரும் இல்லை. என் மனைவியின் போனில் அந்த வீடியோவைப் பார்த்தேன். மச்சினன் தலையில் பட்டாளத் தொப்பி. உடம்பில் புள்ளிபோட்ட பச்சைச் சட்டை. பின்னால் ஏதோ மலை. பேசப் பேசக் குரலை நிறுத்தி, எச்சில் விழுங்கி, மறுபடி தொடங்கினான். அவனிடம் சொன்னபோது நான் அழுத இடத்தில் அவன் அழுதான். கடைசியில் ஒன்று சேர்த்திருந்தான். சாகும்போது நண்பன் கையைப் பிடித்து, ‘என் மனைவியைப் பார்த்துக்கொள்’ என்றானாம். இந்தப் பையை வாங்கினால் அந்த வாக்கைக் காப்பாற்ற உதவுகிறீர்களாம்.

பைக் சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். அவன் காலை உடைப்பது என்று முடிவாகிவிட்டது. மனைவி வழியை மறித்து நின்றாள்.

“நீங்க போயி அடிச்சா நாளைக்கு நீங்க குத்தவாளி, அவன் பாவப்பட்டவன். அதுவா வேணும் ஒங்களுக்கு?”

தம்பிக்காகப் பேசுகிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். அவள் கையை நீட்டிச் சாவியைக் கேட்டாள். சாவியைக் கொடுத்துவிட்டேன்.

கோபம் போக வேண்டாமா? தெரிந்தவர் மூலமாக அவன் பை ஒன்றை வாங்கிவரச் செய்து, கடைத் தரையில் போட்டுத் தையலைப் பிரித்தேன். வாரைப் பிரித்தேன், அடியைப் பிரித்தேன், உள்ளே மட்டைகள் ஒன்றோடொன்று முட்டாமல் இருக்க வைக்கிற தடுப்புகளைப் பிய்த்தேன். ஆட்டை உரிக்கிறவன்கூட அவ்வளவு பொறுமையாக உரிக்கமாட்டான். எல்லாம் துணியாகக் கிடந்தபோது மைனி மாடிப்படி ஏறி வந்தாள். இனி மறைக்க முடியாது என்று வீடியோவைக் காட்டினேன்.

“என்ன சொல்லுகான்?” என்றாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. வரிவரியாகத் தமிழில் சொன்னேன். கடைசி வரி வந்ததும் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“அவரு அப்பிடிச் சொன்னாரா?”

“இல்ல மைனி.”

“நீ எனக்கிட்டச் சொல்லாம விட்டியா?”

“சத்தியமா இல்ல. கண்ணாடியத் தொடைக்கச் சொன்னாரு. அவ்வளவுதான்.”

மெஷினுக்குப் போய், பாதியில் நின்ற வாரை முழுதாகத் தைத்து முடித்தாள். நூலைக் கடித்து அறுத்துவிட்டுக் கேட்டாள்: “ஆளுகளுக்கு முன்னால அவன் இதப் பேசுகது எப்போ?”

கர்னலிடம் விசாரித்தேன். கன்னியாகுமரியில், கடலைப் பார்த்த ஒரு ஓட்டலில், கோல்ஃப் ஆடுகிற ஓய்வு பெற்ற அதிகாரிகள் குடும்பத்தோடு கூடப்போகிறார்கள், அவன் பைகளை வைத்துப் பேசப்போகிறான் என்றார். தானும் அங்கே வருவதாகச் சொன்னார். ஏன் விசாரிக்கிறேன் என்று அவர் கேட்கவில்லை.

கூட்டத்தன்று காலை நாங்கள் மூன்று பேர் போனோம். நான், மைனி, என் மனைவி. மனைவியை வரவேண்டாம் என்றேன். “எனக்க தம்பி. நான் பாக்கணும்” என்றாள். கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். மச்சினன் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு அங்குமிங்கும் நடந்து பேசினான். அதே தொப்பி. அதே இடத்தில் நிறுத்தினான், அதே இடத்தில் எச்சில் விழுங்கினான். முன்வரிசையில் ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்தாள். கையைப் பிடித்த வரியை அவன் சொல்லி முடித்ததும் மைனி எழுந்தாள். ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலுக்குப் போகிற வெள்ளைச் சேலை. நடுவழியே நடந்து அவனுக்கு நேராகப் போய் நின்றாள்.

“தம்பி, அவரு ஆருக்க மடியில செத்தாரு?”

மைக் அவன் கையிலேயே இருந்தது. அவன் மூச்சு வாங்குவது ஒலிபெருக்கியில் கேட்டது.

“மைனி... நீங்க எப்பிடி...”

“மைனியின்னு கூப்பிடாத. கேட்டதுக்குச் சொல்லு. பொண்டாட்டியப் பாத்துக்கோன்னு ஒனக்கிட்ட சொன்னாரா? சொன்னாருன்னா, நீ ஒருநாளாவது எனக்க வீட்டு வாசல்ல வந்து நிண்ணியா?” கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். “நான்தான் அந்தப் பொண்டாட்டி.”

கர்னல் எழுந்து, அவள் சொன்ன ஒவ்வொன்றையும் மற்றவர்களுக்கு ஆங்கிலத்தில் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. சாப்பாட்டு மேசையில் உப்பைக் கேட்பவர் போலச் சொன்னார். மச்சினன் என்னைப் பார்த்துவிட்டான். பக்கத்தில் தன் அக்காவையும் பார்த்தான்.

“இது... சும்மா மார்க்கெட்டிங்குக்கு...” என்றான்.

கண்ணைத் துடைத்த அம்மாளின் கணவர், எண்பதைத் தாண்டிய மனிதர், கைத்தடியை ஊன்றி எழுந்து அவன் முன்னால் போனார். “தொப்பியைக் கழற்று” என்றார். அவன் கழற்றினான். வேர்வையில் முடி மண்டையோடு ஒட்டியிருந்தது. தொப்பியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் வைத்துப் பிசைந்தான். அவர் அதை வாங்கிக்கொண்டு போய்விட்டார். நாற்காலிகள் நகர்ந்தன. ஒருவர்கூட பைகள் இருந்த பக்கம் போகவில்லை.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதற்கு வேறு மரியாதையான சொல் இருக்கிறதா என்று நான் தேடவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் என் மனைவி ஜன்னல் பக்கம் முகத்தை வைத்து அழுதாள். அப்போதும் என் சந்தோஷம் குறையவில்லை.

அவன் பக்கம் இணையத்தில் இருந்து மறைந்தது. சில நாள் கழித்து என் மாமியாரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். மாமியாரை உள்ளே வாருங்கள் என்றேன். அவனை அழைக்கவில்லை. கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றான். என் மனைவி அம்மாவுக்கு மட்டும் காப்பி கொண்டுவந்தாள்.

“அத்தான், தப்பு நடந்து போச்சு” என்றான் அங்கிருந்தே.

“நடந்து போச்சா? தானா நடந்துதா?”

“நான் செய்ததுதான். மன்னிச்சிருங்க.”

“எனக்கிட்ட கேக்காத. மலைக்குப் போ. அவரப் புதைச்ச எடத்துல, அந்த ஊருக்கு முன்னால சொல்லு.”

வராமல் இருந்துவிடுவான் என்றுதான் நினைத்தேன். அப்படி இருந்தால் எனக்கு இன்னும் வசதி. ஆனால் வந்தான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் போதகர் அனுமதி கொடுத்தார். நான் அந்த வேதக்கோயிலுக்குள் முதன்முதலாக உட்கார்ந்தது அன்றைக்குத்தான். அவன் முகம் நன்றாகத் தெரிய வேண்டும் என்று முதல் பெஞ்சிலேயே உட்கார்ந்தேன்.

“நான் பட்டாளத்துல இருந்ததில்ல. அந்த லாரியில நான் இல்ல. அவரு சொன்னதா நான் சொன்னது பொய்” என்றான். இந்த முறை குரலை அவன் நிறுத்தவில்லை, அதுவாகவே நின்றது. நான் கண்ணை எடுக்காமல் பார்த்தேன். இன்னும் பேசட்டும், இன்னும் நிற்கட்டும் என்று இருந்தது. மைனி எழுந்துபோய் அவன் தலையில் கை வைத்துவிட்டாள்.

“போதும் மக்கா. வீட்டுக்குப் போ.”

எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. வெளியே மரத்தடியில் கேட்டேன்: “அவ்வளவுதானா மைனி?”

“எனக்குத் தீந்துது தம்பி. ஒனக்குத் தீரல்லேன்னா நீ வச்சுக்கோ” என்றாள்.

வைத்துக்கொண்டிருக்கிறேன். மச்சினன் இப்போது நாகர்கோவிலில் போன் உறை விற்கிறான். கல்யாண வீடுகளில் அவன் உட்காரும் பந்தியில் நான் உட்காருவதில்லை. போன மாதம் என் மனைவி கடைக்கு வந்தவள், கான்வாஸை மடித்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்:

“விக்கதுக்கு ஆளு இல்லாம நீங்க கஷ்டப்படுகிய. அவன் திரும்ப வாறேன்னு சொல்லுகான்.”

“வேண்டாம்.”

“எம்புட்டு நாளைக்கு இப்பிடி?”

“அந்தப் பொய் எத்தன பேரு காதுல விழுந்துதோ, அத்தன பேரும் மறக்கட்டும். பொறவு பாப்போம்.”

அவள் அடுத்த கான்வாஸை எடுத்து மடித்தாள். அவள் போன் அடித்தது. பெயரைப் பார்த்துவிட்டு, “சொல்லு தம்பி” என்றபடி எழுந்து மாடிப்படிப் பக்கம் போனாள். கொஞ்ச நேரத்தில் அவள் எதற்கோ சிரிப்பது கேட்டது. மைனி தலை நிமிராமல் வார் தைத்துக்கொண்டிருந்தாள். நான் மெஷினை ஓடவிட்டேன்.