செருப்புக்குள் ஒரு கிராம்பு

தொண்டி பஜாரில் காஜா நவாஸ் பாயின் செருப்புக் கடையைத் தெரியாதவர்கள் கிடையாது. அங்கே செருப்பு வாங்குகிறவர்கள்தான் கிடையாது. எதிரே பாத்திரக் கடை வைத்து நானும் ஈ ஓட்டிக்கொண்டிருப்பதால், இதைச் சொல்ல எனக்கு முழு உரிமை உண்டு.

ஊரில் யார் ஆன்லைனில் எதை வாங்கினாலும் முகவரியில் ‘காஜா செருப்புக் கடை அருகில்’ என்று போட்டுவிடுவார்கள். கடற்கரைச் சந்தில் இருப்பவருக்கும் அது அருகில்தான், பஸ் ஸ்டாண்டைத் தாண்டி இருப்பவருக்கும் அருகில்தான். பார்சல் கொண்டுவரும் சூர்யா கொஞ்ச நாள் சந்து சந்தாக அலைந்தான். பிறகு எல்லாவற்றையும் பாய் கடையிலேயே இறக்கிவைக்கப் பழகிக்கொண்டான்.

வருகிறவர்கள் பார்சலை எடுத்துக்கொண்டு பேசாமல் போவார்களா? பாயின் பெஞ்சில் உட்கார்ந்து, பாயின் கத்தரிக்கோலால் கவரை வெட்டி, ஆன்லைன் செருப்பைப் போட்டுக்கொண்டு பாயின் கண்ணாடி முன்னால் நடந்து பார்ப்பார்கள். “மாமா, இது கடிக்குமா?” என்று அவரிடமே வேறு கேட்பார்கள். பாய்க்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் குனிந்து விரலை அழுத்திப் பார்த்து, “சுண்டு விரல்ல கடிக்கும், தேங்காண்ணெ தடவிப் போடு” என்று சொன்ன பிறகுதான் திட்டவே ஆரம்பிப்பார். கால் என்று ஒன்றைப் பார்த்துவிட்டால் அந்த மனுஷனால் சும்மா இருக்க முடியாது.

துபாயிலிருந்து மகன் ஃபஹத் போன் செய்தான். “வாப்பா, ஒரு பார்சல் கம்பெனி நம்ம கடையக் குடோனுக்குக் கேக்குறாங்க. விட்டுட்டு வீட்டுல இருங்க.”

“ஏலே, இப்பவே குடோனாத்தான்டா கெடக்கு!” என்று கத்தினார் பாய். கத்திய வேகத்தில் ரோஷம் வந்து, கூடவே ஒரு சவாலும் வந்துவிட்டது. “நம்ம தெரு காலிதா வீட்டுல மக அம்ரீனுக்குக் கல்யாணம். அங்கன பெட்டி அனுப்பப் போறேன். அதுல ஒரே ஒரு சோடி வித்தாலும் கடைய விடமாட்டேன். விக்கலைன்னா மாசக் கடைசி வெள்ளிக்கிழமை சாவியக் குடுத்துர்றேன்.”

பெட்டி அனுப்புவது எங்கள் ஊர் வழக்கம். கல்யாண வீட்டுப் பெண்கள் கடைக்கு வர மாட்டார்கள், கடைதான் வீட்டுக்குப் போகும். ஒரு கட்டுப் பெட்டிகளைப் ‘பார்வைக்கு’ என்று அனுப்பினால், பிடித்ததை வைத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பிவிடுவார்கள். ரப்பர் வாடை தெரியாமல் இருக்க, ஒவ்வொரு செருப்பின் நுனியிலும் பாய் ஒரு கிராம்பைச் செருகிவைப்பார். கிராம்பெல்லாம் வீட்டு அடுப்படிச் சரக்கு. “பிரியாணிக்கு இல்லாத கிராம்பு செருப்புக்கா?” என்று அவர் மனைவி தாஜுன்னிசா கல்யாணமான நாளிலிருந்து சண்டை போடுகிறாள்.

காலிதா வீட்டுக்குப் போன பெட்டிகள் சாயங்காலமே திரும்பின. ஒன்றுகூடக் குறையவில்லை. பாய் எதையும் திறந்து பார்க்காமல் அப்படியே பரணில் ஏற்றினார். எனக்கு மனசு கேட்காமல் டீ வாங்கி வந்தேன். வேண்டாம் என்றுவிட்டார். அவர் டீயை வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்ததே இல்லை.

அந்தக் கடைசி வெள்ளிக்கு முந்தின நாள், வியாழக்கிழமை. சூர்யா வழக்கம்போல் பார்சல்களை இறக்கினான். ஒன்றை மட்டும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நெளிந்தான்.

“பாய், இது வந்து… உங்க வீட்டுக்குத்தான்.”

கவரில் எழுதியிருந்தது: தாஜுன்னிசா, காஜா செருப்புக் கடை அருகில். உள்ளே லேடீஸ் செருப்பு என்றும் போட்டிருந்தது.

பாய் பார்சலோடு வீட்டுக்கு நடந்தார். நானும் பின்னாலேயே போனேன். சமாதானம் செய்யப் போகிறேன் என்று என் மனைவியிடம் சொன்னேன், போனது வேடிக்கை பார்க்கத்தான். வாசலோடு நின்றுகொண்டேன். அந்த வீட்டில் பேசுவதைக் கேட்க வாசலே அதிகம்.

“செருப்புக் கடைக்காரன் பொண்டாட்டி கம்பெனியிலேர்ந்து செருப்பு வரவழைக்கிறியே, நாளைக்கு என்னயவும் மாத்திக்குவியா?”

“காலிதா வீட்டுல பாத்தேன், ஆசையா இருந்துச்சு. போன்ல லிங்க் அனுப்பச் சொல்லி அதையே வாங்குனேன். நம்ம கடையில என்னங்க இருக்கு? எல்லாம் கெழவிக போடுற செருப்பு.” ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டாள். “பாருங்க, எம்புட்டு மெத்துன்னு இருக்கு! வாசங்கூட எப்பிடி இருக்கு! கம்பெனின்னா கம்பெனிதான்.”

வாசம் என்றதும் பாய் நிமிர்ந்தார். இன்னொரு செருப்பைப் பிடுங்கித் தரையில் தட்டினார். நுனியிலிருந்து ஒரு கிராம்பு உருண்டு வந்தது.

தாஜுன்னிசா அதை எடுத்துப் பார்த்தாள். “இது நம்ம வீட்டுக் கிராம்புல்ல?” என்றாள். கிராம்பு விஷயத்தில் அவளை யாரும் ஏமாற்ற முடியாது.

காலிதாவுக்குப் போன் போட்டதும் எல்லாம் வெளியே வந்தது. பாய் அனுப்பிய பெட்டியில் இருந்தது போலவே கல் வைத்த தங்க நிறச் செருப்பை அவர்களும் ஆன்லைனில் வாங்கியிருக்கிறார்கள். வீடு நிறைந்த உறவுக்காரப் பெண்கள் எல்லாப் பெட்டியையும் கொட்டி, ஆளாளுக்குப் போட்டு நடந்து, கடைசியில் எதுவும் வேண்டாமென்று கையில் அகப்பட்டதை அகப்பட்ட பெட்டியில் அடைத்துவிட்டார்கள். கம்பெனி செருப்பு பாயின் பரணில் ஏறிவிட்டது. பாயின் செருப்பு சூர்யாவின் வண்டியில் ரிட்டனாகக் கம்பெனிக்குப் போனது. கம்பெனிக்காரன் அதை வேறு பெட்டியில் போட்டுத் தொண்டிக்கே அனுப்பிவிட்டான்.

“ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருந்துச்சு காக்கா,” என்று பாயை அண்ணன் முறை வைத்துச் சொன்னாள் காலிதா போனில்.

தாஜுன்னிசா செருப்பைக் கழற்றி வைத்தாள். “அட, நம்ம கடைச் சரக்கா? அப்ப வேணாம். ரிட்டன் போட்டுர்றேன்.”

பாயின் முகம் செத்துப்போனது. வேடிக்கை பார்க்க வந்த எனக்கே அப்போது கஷ்டமாக இருந்தது. அந்தச் செருப்பைக் காட்டித் திடீரென்று கேட்டார்.

“மெத்துன்னு இருக்குன்னு சொன்னியா, இல்லையா?”

“சொன்னேன்.”

“வாசம்?”

“அதுவுந்தான் சொன்னேன். அதுக்கென்ன இப்ப?”

“அப்ப அது வித்த சரக்கு. வித்த சரக்கக் காஜா கடையில திரும்ப எடுக்குறதில்ல. போர்டே மாட்டியிருக்கேன்.”

அப்படியே துபாய்க்குப் போன் போட்டார். “ஏலே ஃபஹத், ஒரு சோடி வித்துருச்சு. சாவி கெடையாதுன்னு அந்தப் பார்சல் கம்பெனிக்காரன்ட்ட சொல்லிரு.”

“யாரு வாப்பா வாங்குனது?”

பாய் திரும்பிப் பார்த்தார். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, தாஜுன்னிசா அதே செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு பீரோ கண்ணாடி முன்னால் நடந்துகொண்டிருந்தாள்.

“நம்ம கடையில இதுவரைக்கும் ஒரு செருப்புகூடப் பிடிக்காத ஆளுடா,” என்றார் பாய். “உங்க உம்மா.”