சிவப்பு வந்ததா?

என் சித்தப்பா யாருடன் பேசினாலும் அவர்கள் முகத்தைப் பார்க்கமாட்டார். இடது காதுக்கு அப்பால், தோளுக்குச் சற்று மேலே, காலியாக உள்ள ஓர் இடத்தைப் பார்ப்பார். அப்பா இறந்த வருடம்தான் இது தொடங்கியது. அப்போது எனக்கு ஒன்பது வயது.

மேடை நிகழ்ச்சிகளுக்கு லேசர் விளக்கு செய்யும் ஒரு கம்பெனியில் அவருக்கு வேலை. எங்கள் அடுப்பு எரிந்ததும் அந்தச் சம்பளத்தில்தான். ஒரே கண்ணாடிக் குழாயிலிருந்து நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு நான்கும் வரவேண்டும். வராவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பேன் என்று முதலாளி சொல்லியிருந்தார். ஆர்கான் வாயு நீலமும் பச்சையும் தரும். மஞ்சளுக்கும் சிவப்புக்கும் கிரிப்டான் வேண்டும். இரண்டையும் கலந்தால் ஆர்கான் முந்திக்கொள்ளும், சிவப்பு செத்துப்போகும். ஒவ்வொரு கலவையையும் ஒரு குழாயில் அடைத்துக் கொண்டுவந்து, புக்கிட் பெலிம்பிங் ஊரில் செம்பனை மரங்களை ஒட்டியிருந்த எங்கள் வீட்டுப் பின்னறையில், அதன் இரு முனை ஆடிகளையும் திருகிச் சரிசெய்வார்.

சனிக்கிழமை மத்தியானங்களில் சன்னலைக் கறுப்புத் துணியால் மூடிவிட்டு என்னைக் கூப்பிடுவார். குழாய்க்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். பின்னால் விசிறி இரையும். முப்பட்டைக் கண்ணாடி பிரித்த ஒளி, சுவரில் புள்ளிகளாக விழும்.

“என்னென்ன தெரியுது பாப்பா?”

“நீலம், பச்சை. மஞ்சள் லேசா.”

“சிவப்பு?”

“இல்ல சித்தப்பா.”

“நல்லா பாரு லா. ஆனா திரும்பாத. என்ன ஆனாலும் திரும்பாத.”

அவர் பார்வை போகும் இடத்தை அம்மாவும் கவனித்திருந்தார். அப்பாவுக்குப் படையல் போட்ட அன்று, இலையை அவர் படத்துக்கு முன்னால் வைக்கவில்லை. எனக்குப் பின்னால், இடது தோளோரமாக வைத்தார். நெத்திலி சம்பல், அவித்த முட்டை, பால் விடாத காப்பி.

“தம்பி, உண்மைய சொல்லுங்க. உங்க அண்ணன் இங்கதானே நிக்கிறாரு?”

சித்தப்பாவின் கண்கள் என் காதோரம் வந்து நின்றன.

“ஆமா அண்ணி,” என்றார். “பிள்ளைய விட்டு எங்க போவாரு.”

அம்மா அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டார். நான் சோற்றைத் தொடவில்லை. பிடரியில் காற்று பட்டபோதும் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். எதற்காகத் திரும்பக்கூடாது என்பது விளங்கிவிட்டதாக நினைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை சிவப்பு வந்தது. சொன்னேன். விசிறி நின்றது போலத் தோன்றியது, நிற்கவில்லை. சித்தப்பா என்னைத் தாண்டிச் சுவரருகே போனார். தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தார். கடைசியில், புள்ளிக்கு ஒரு சாண் தள்ளி ஒன்றுமே இல்லாத சுவரைப் பார்த்து, “அழகா இருக்கு,” என்றார். அப்பா சுவருக்குப் போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

பல வருடங்கள் கழித்து நான்தான் அவரைக் கண் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். இரு கண்களிலும் நடுப்பகுதி பழைய லேசர் சூட்டில் வெந்திருந்தது. பாதுகாப்புக் கண்ணாடியைப் போட்டால் நான்கு நிறமும் மறைந்துவிடும் என்று, ஆடியைத் திருகும்போது கழற்றிவிடுவாராம். கம்பெனிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று யாரிடமும் சொல்லவில்லை. நேராகப் பார்த்தால் கறுப்பு மட்டும்தான். சற்று விலக்கிப் பக்கவாட்டில் பார்த்தால்தான் பார்க்க வேண்டியது தெரியும்.

அம்மா இன்றும் இலையை என் தோளோரம்தான் போடுகிறார். இலைக்கு இடம்விட்டு நான் தள்ளி உட்காருகிறேன். அன்று படையலில், எனக்குப் பின்னால் யார் நிற்கிறார் என்று பயந்து உட்கார்ந்திருந்தேன். சித்தப்பா பார்த்துக்கொண்டிருந்தது என் முகத்தை.