கமரில் வந்த நாகின்

மும்பையில் இத்தனை வருடம் குப்பை கொட்டிய பிறகும் இந்தி என்னை ஏமாற்றத்தான் செய்கிறது. போன மாதம் ஒரு காலையில் பக்கத்து ஃப்ளாட் மராத்தி அம்மா கதவைத் தட்டி, "பாய்சாப், இன்கே கமர் மே நாகின் நிக்லி ஹை" என்றார். கமர் என்றால் இடுப்பு, கமரா என்றால் அறை. என் காதில் அறைதான் விழுந்தது. அவர் கணவர் இருக்கும் அறையில் நாகப்பாம்பு. செம்பூரில் மூன்றாவது மாடிக்குப் பாம்பு எப்படி ஏறும் என்று யோசிக்காமல் ஒட்டடைக் கம்போடு ஓடினேன்.

அங்கே மனிதர் சட்டையில்லாமல் ஒருக்களித்துப் படுத்திருந்தார். இடுப்பில் ஒரு பக்கம் மட்டும் கொப்புளங்கள் பட்டையாகப் படர்ந்திருந்தன. நான் கட்டிலுக்கடியில் கம்பை விட்டுத் துழாவுவதைப் பார்த்து, அந்த வலியிலும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பின்னாலேயே வந்த என் மனைவி செண்பகம் எட்டிப் பார்த்தாள்.

"கம்பக் கீழ போடுங்க. இது அக்கில்லா வந்திருக்கு."

அக்கிக்கு இங்கே நாகின் என்று பெயராம். ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு அக்கியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. திருநெல்வேலியில் என் சித்தப்பாவுக்கு அது வந்தபோது, மண்பானை செய்பவர் வீட்டுக்கு அழைத்துப் போய் முதுகில் காவியால் சிங்கம் எழுதிக்கொண்டு வந்தோம். சிங்கம் பார்க்கப் பூனை மாதிரி இருந்தது. கொப்புளம் தானாக ஆறியது, வலி ஆறவில்லை. சட்டை உரசினாலே துடிப்பார். கடைசிவரை துண்டு மட்டும்தான். எங்களுக்கும் இப்போது வயதாகிவிட்டது. செண்பகத்துக்குச் சர்க்கரை வேறு இருக்கிறது. பக்கத்து ஃப்ளாட்காரரைப் பார்த்த அன்று சாயங்காலமே அவளை டாக்டரிடம் இழுத்துப் போனேன்.

"சின்ன வயதில் அம்மை வந்ததா?" என்று டாக்டர் இந்தியில் கேட்டார். வந்ததாம். அந்தக் கிருமி நரம்பில் ஒளிந்திருந்து, வயதான காலத்தில் அக்கியாகக் கிளம்புமாம். வராமல் தடுக்க இரண்டு ஊசி, நடுவில் சில மாத இடைவெளி. நான் தமிழில் சொன்னதும் செண்பகம் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"தலைக்குத் தண்ணி ஊத்தி அனுப்பிவச்சோமே. அம்மா இன்னும் எனக்குள்ளதான் இருக்காளா?"

"இருக்காளாம்."

"அப்பம் ஊசி வேண்டாம். வீட்டுல இருக்கறவள வெரட்டச் சொல்லுதியளா?"

எனக்குத் தலை சுற்றியது. ஊசி போட்டால் கிருமி ஓடிவிடுமா என்று டாக்டரிடமே கேட்டேன். ஓடாது, வெளியே வராமல் அடங்கியிருக்கும், அவ்வளவுதான் என்றார். அந்த மனிதருக்குக் கோயில் கட்டலாம்.

"வெரட்ட இல்லட்டி. உள்ளேயே உக்கார வைக்கத்தான் ஊசி."

அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கையை நீட்டினாள். நானும் போட்டுக்கொண்டேன்.

திரும்பும்போது ஆட்டோவில் ஆளுக்கொரு தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். குலுங்கும்போதெல்லாம் இருவருக்கும் சுரீரென்றது.

"டிக்கெட் எடுக்காமலே நம்மளோட ரயிலேறி வந்துருக்கா, பாருங்க" என்றாள் செண்பகம். "ஊர்ல அக்கி, இங்க நாகின்னு ரெண்டு பேரு வேற."

"நமக்கு மட்டும் என்ன? இங்க மதராஸி, ஊருக்குப் போனா பம்பாய்க்காரவுக."

"அவள யாரும் எப்ப ஊருக்குப் போவேன்னு கேக்கதில்லல்லா" என்றாள்.