இடிக்கவிருந்த குசினி

புலம்பெயர்ந்து வந்த டண்டினொங்கில் நாங்கள் வாங்கிய பழைய வீட்டின் பின்குசினியை, பின்பக்கச் சமையலறையை, இடிக்க, அதன் வரலாற்று மதிப்பைச் சொல்லும் அறிக்கை ஒன்றை நகரக் கவுன்சில் கேட்டது. அதை எழுத வந்தவர், யாழ்ப்பாணப் பேச்சு மாறாத, நரைத்த பெண். ஆளில்லாத, தூசி படிந்த வீடுதான். ஆனாலும் சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டே உள்ளே வந்தார்.

எனக்கு அவசரம். "அக்கா, உதுக்கு ஒரு மதிப்பும் இல்லையெண்டு எழுதிவிடுங்கோவன்" என்றேன்.

"எழுதலாம் தம்பி. அதுக்கு முதல் கொஞ்சநேரம் உள்ளுக்க நிக்கோணும். இடிச்சாப் பிறகு இதுக்குள்ள ஆரும் நிக்கேலாது."

புகையில் கறுத்த செங்கல் அடுப்படியின் முன் நெடுநேரம் நின்றார். பிறகு, இடிக்கலாம் என்றே எழுதினார்.

இடிக்க ஆட்கள் வந்த காலையில் நானும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு அங்கே போய் நின்றேன். யாருக்காக நின்றேன் என்று இன்னும் தெரியவில்லை.