மூக்கில் முப்பத்தெட்டு கிராம்

துக்கம் கேட்க வந்தவர்களில் யாரும் அலமாரியில் இருந்த பொம்மை விமானத்தைத் தொடவில்லை. டாக்டர் மட்டும் தூக்கிப் பார்த்தார்.

அப்பா இறந்து மூன்றாவது வாரம். நாற்காலியை இழுத்துப் போடுவதற்குள் டாக்டர் அலமாரிப் பக்கம் போய்விட்டார். விமானத்தை இரண்டு கைகளாலும் எடுத்து, மேலும் கீழுமாக ஒருமுறை அசைத்தார். மகள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தராசுகளையும் அளவுகருவிகளையும் சரிபார்க்கும் கூடத்தில் அவளுக்கு வேலை. ரசிக்கத் தூக்கும் கை வேறு, எடை பார்க்கத் தூக்கும் கை வேறு என்பது அவளுக்குத் தெரியும்.

“பிளாஸ்டிக்தானேம்மா? இந்தக் கனம் கனக்குது.”

“பதினோரு வருஷக் கனம் டாக்டர்,” என்றாள் அம்மா. “என் மூஞ்சியைக்கூட அந்த மனுஷன் இவ்வளவு உத்துப் பார்த்ததில்ல.”

“எனக்குத் தர்றேன்னு ஒருநாள் சொல்லியிருந்தார். அவர் ஞாபகமா கிளினிக்ல வெக்கலாம்னு…”

அப்பா யாருக்கும் எதையும் தருவதாகச் சொல்லி மகள் கேட்டதில்லை. “யோசிச்சுச் சொல்றோம்,” என்றாள்.

அந்தப் பல் டாக்டரிடம் முப்பத்தொரு வருடம் பல் கட்டும் வேலை பார்த்தவர் அப்பா. நோயாளியின் வாயில் அச்சு எடுப்பது டாக்டர் பாடு. அந்த அச்சைப் பின்னறைக்கு வாங்கிப் போய் பல் செட்டையும், பல்லின் மேல் மாட்டும் உலோக உறையையும் வார்ப்பது அப்பா பாடு. தெருவில் அவருக்கு ‘பல் செட்’ என்றுதான் பெயர். கூப்பிட்டால் வாயைத் திறக்காமல் சிரிப்பார்.

வீட்டுக்கு வந்தால் விமானம். போர்க்காலத்துச் சண்டை விமானம், அசலில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு. பக்கத்துக்கு ஓர் எஞ்சின், நடுவில் விமானி உட்காரும் குட்டி உடல், அதன் மூக்குக்கு அடியில் முன்சக்கரம். கடையில் வாங்கிய பெட்டியில் வந்த பிளாஸ்டிக் பாகங்களில் பாதி பிடிக்காமல் தானே செய்துகொண்டார். விமானியின் இருக்கை பல் செட்டுக்கு வார்க்கும் ஈறு நிறப் பிசின். பச்சை அடித்த பிறகும் ஓர் ஓரத்தில் ரோஸ் எட்டிப் பார்க்கும். சிறகில் உள்ள ஆணித் தலைகளைப் பல்லிடுக்கு சுரண்டும் ஊசியால் ஒவ்வொன்றாகக் குத்தினார். ஒரு சிறகுக்கு மூவாயிரத்துச் சொச்சம். எண்ணி நோட்டில் எழுதியிருந்தார். சக்கரத்தின் எடை, கண்ணாடிக் கூட்டின் எடை, காய்ந்த பெயிண்டின் எடை, எல்லாம் அதில் இருந்தன. கடைசி வரி: மொத்தம் 412 கிராம்.

மறுநாள் விமானத்தைத் துணியில் சுற்றித் தன் கூடத்துக்கு எடுத்துப் போனாள். தராசு 450 காட்டியது. தராசைச் சரிபார்த்துவிட்டு மறுபடி வைத்தாள். 450.

பெயிண்டைக்கூட எடைபோட்டவருக்கு முப்பத்தெட்டு கிராம் எப்படித் தப்பியது?

சாயங்காலம் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“அப்பாவுக்கும் டாக்டருக்கும் ஏதாவது மனஸ்தாபமாம்மா?”

“எதுக்குக் கேக்குற?”

“சும்மா.”

“சும்மா கேக்குற மூஞ்சியாடி இது?” அம்மா ஒரு துண்டை உதறினாள். “தங்கப் பல்லை ராவும்போது உதிர்ற தூளை ஒரு டப்பாவுல சேர்த்து வெப்பாங்களாம். போன வருஷம் வழக்கத்தைவிடக் கம்மியா இருக்கேன்னு டாக்டர் இவரைப் பார்த்தாராம். கேக்கக்கூட இல்லையாம், பார்த்தாராம். அன்னைக்கு ராத்திரி சாப்பிடாம படுத்துட்டார்.”

மகள் எழுந்து போனாள். விமானத்தை ஒரு பென்சிலின் மேல் நிறுத்திப் பார்த்தாள். அதிகக் கனம் மூக்கில் இருந்தது. அங்கே கனம் வேண்டியதுதான். இல்லாவிட்டால் முன்சக்கரம் தூக்கிக்கொண்டு வால் தரையில் உட்கார்ந்துவிடும். ஆனால் அதற்கு ஓர் ஈயத்துண்டு போதும். ஈயத்தை யார் மறைப்பார்கள்?

அப்பாவின் பிளேடை எடுத்து மூக்கின் இணைப்பில் வைத்தாள். ஒரு சென்டிமீட்டர் போவதற்குள் பெயிண்ட் செதிலாகப் பெயர்ந்து வந்தது. கை நின்றுவிட்டது. உள்ளே தங்கம் இருந்து திருப்பிக் கொடுத்தால், அப்பா திருடர் என்று ஊருக்குத் தெரியும். கொடுக்காவிட்டால் அவளும் திருடி.

இரண்டு நாளில் டாக்டர் போன் செய்தார். “யோசிச்சியாம்மா?” எதுவானாலும் அவர் கண் முன்னாலேயே தெரியட்டும் என்று கிளினிக்குக் கிளம்பினாள்.

“பல்லு வலியா?”

“இல்ல டாக்டர். இதுக்கு எக்ஸ்ரே எடுக்கணும்.”

டாக்டர் சிரிக்கவில்லை. “அதெல்லாம் எதுக்கும்மா,” என்று வாய் சொன்னது. கை அதற்குள் கருவியை இழுத்துவிட்டது.

திரையில் வெள்ளை வெள்ளையாகக் கட்டிகள் தெரிந்தன.

“தங்கம் இப்படித்தான் தெரியுமா?”

“தெரியும்.”

“மத்த உலோகம்?”

“அதுவும் இப்படித்தான்.”

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. மகள் பையிலிருந்து ஒரு சின்ன இரும்பு அளவுகோலை எடுத்து மூக்கோடு சேர்த்து ஒட்டினாள். பக்கவாட்டில், மேலிருந்து, சாய்த்து, மொத்தம் ஆறு படம். நிழல்களை அளந்து கணக்குப் போட்டாள். டாக்டரைப் பார்க்க வந்த ஒருவர் கதவைத் திறந்து, நாற்காலியில் விமானம் படுத்திருப்பதைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டு போனார்.

“மொத்தம் நாலரை கன சென்டிமீட்டர் வருது. தங்கமா இருந்தா எழுபது கிராமுக்குக் குறையாது. இது முப்பத்தெட்டு.”

டாக்டர் திரையை நெருங்கினார். “இது கடைவாய்ப் பல்லோட உறை. இதுவும். எல்லாம் சாதா உலோகம்.” விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். பதினேழு. “பொருந்தலைன்னு நான் திருப்பி அனுப்பினதும்மா. ஒரு வார்த்தை பேசமாட்டார். சட்டைப் பையில போட்டுக்கிட்டுப் புதுசா வார்த்துக் கொண்டு வருவார்.” மறுபடி எண்ணினார். “இவ்வளவுதானா? குறைஞ்சது அறுபது திருப்பியிருப்பேனே.”

“மீதி?”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மீதியெல்லாம் நான் எடுத்த அச்சு தப்பு. தன் கை பிசகினதை மட்டும் வெச்சுக்கிட்டார். என் தப்பை அவர் எதுக்கு வெச்சுக்கணும்?”

மகள் அளவுகோலைப் பைக்குள் வைத்தாள். “போன வருஷம் எத்தனை தங்கப் பல் கட்டினீங்க டாக்டர்?”

“ரெண்டு. இப்ப யாரும்மா தங்கம் கேக்குறாங்க?”

“அதுக்கு முந்தின வருஷம்?”

“பத்து, பன்னெண்டு…” என்றவர் நிறுத்திவிட்டார். டப்பா ஏன் நிறையவில்லை என்று தெரிய அவருக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. முகம் சுருங்கிப் போயிற்று. “மன்னிச்சிடும்மா.”

“பரவால்ல டாக்டர்,” என்றாள். நானும்தான் சந்தேகப்பட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லாமல் விமானத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள்.

வீட்டில் அம்மா துணியைப் பிரித்தாள். “ஏண்டி, மூக்குல கீறல்? அந்த டாக்டர் வேலையா?”

ஆமாம் என்றால் முடிந்துவிடும்.

“இல்லம்மா. நான்தான்.”

அம்மா கீறலைப் பார்த்தாள். பிறகு அவளைப் பார்த்தாள். “தங்கத் தூளுக்கா?”

மகள் தலையாட்டினாள்.

“டாக்டர் பார்த்த பார்வைக்கே சாப்பிடாம படுத்தார்,” என்றாள் அம்மா. துணியை மடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மகள் நோட்டை எடுத்து, 412க்குக் கீழே 38 என்று எழுதப் பேனாவைத் திறந்தாள். அவர் எழுதாமல் விட்ட இடம் அது. பேனாவை மூடினாள். விமானத்தின் வாலை ஒரு விரலால் அழுத்தினாள். முன்சக்கரம் மேலே போயிற்று. விரலை எடுத்தாள். மூக்கு இறங்கி, சக்கரம் மேசையில் தட்டி நின்றது.