வெள்ளை மண்ணில் தெரிந்த சிவப்பு

இதையெல்லாம் எழுதக் கூச்சமாக இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். வேப்பந்தட்டைப் பக்கம் எங்களுக்குப் பருத்திக்காடு. வருடக்கணக்காகப் பீடி குடித்தேன். கரிசல் மண்ணில் சிறுநீர் கழிக்க ஒதுங்கினால் எந்த நிறமும் தெரியாது. ஒருநாள் அரியலூர் போகும் வழியில், சுண்ணாம்புக்கல் தூசி படிந்து பூமியே பனி மூடியதுபோல் வெளுத்துக் கிடந்தது. அங்கே ஒதுங்கினேன். சிறுநீர் சிவப்பாக விழுந்தது. வலியே இல்லை. கனவில் நிற்பதுபோல் நின்றேன்.

“சூடுதான். இளநி குடிச்சா சரியாப் போயிடும்” என்றேன் மனைவியிடம்.

“இளநி ஆஸ்பத்திரி வாசல்லயே விக்கிறான், வண்டிய எடுங்க” என்றாள்.

ஸ்கேன் பார்த்த டாக்டர், சிறுநீர்ப்பையில் கட்டி, பீடியால் வந்தது என்றார்.

“பொகை நெஞ்சுக்குத்தானே சார் போவுது?” என்றேன்.

“அந்த நஞ்சு ரத்தத்துல கலந்து, சிறுநீரோட அங்கதாங்க தேங்குது” என்றார் டாக்டர்.

ஆரம்ப நிலைப் புற்றுநோய் என்பதால் கட்டியை எடுத்ததோடு தப்பித்தேன். பீடியை விட்டுவிட்டேன். இப்போது வீட்டுக் கழிப்பறையின் வெள்ளைக் கோப்பையில் தினமும் நிறம் பார்க்கிறேன்.

கட்டியை எடுத்த மறுநாள் மழை பெய்தது. பயம் விட்டு நாள் முழுக்கத் தூங்கினேன்.